மலைநாட்டில் சமதரை ஓட்டம்: கிரகரி வாவிக் கரையில் முதல் எட்டு வாரம்

வாசலில் இறங்கினால் ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, இறக்கத்தில் முழங்கால் அடி வாங்குகிறது. மலைநாட்டில் ஓடப் பழகும் பலர் முதல் வாரத்திலேயே கைவிடுவது இதனால்தான். சப்பாத்து, உடுப்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் சமதரை தேடுங்கள்.

மலையில் சமதரை வேண்டுமானால் தண்ணீர் தேங்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். நுவரெலியாவில் அது கிரகரி வாவி. நகரத்தின் ஓரத்தில் சதுப்பாகக் கிடந்த பள்ளம் அது. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், பிதுருதலாகலை மலையிலிருந்து வரும் தலகல ஓடையை மறித்து வாவியாக்கினார்கள். கரையோரம் ஏற்ற இறக்கம் குறைவாக இருப்பதற்கும், மழை பெய்தால் புல்தரை கால் புதையும் அளவுக்கு இளகுவதற்கும் காரணம் ஒன்றேதான்: அடியில் இருப்பது பழைய சதுப்பு மண்.

படி 1: பாதையை நடந்து பாருங்கள்

முதல் நாள் ஓட வேண்டாம். போனில் தூரம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு கரையோரமாக நடங்கள். கல் பதித்த நடைபாதை எங்கே முடிகிறது, எங்கே பாசி பிடித்திருக்கிறது, எங்கே பதுளை வீதியில் ஏறியாக வேண்டும் என்று கவனியுங்கள். கரையிலுள்ள பூங்காப் பகுதிக்கு நுழைவுச்சீட்டு உண்டு. காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று வாயிலில் கேட்டுக்கொண்டு, சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாவியை முழுதாகச் சுற்றி வரும் ஆசை எல்லோருக்கும் வரும். புதியவருக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பாதிச் சுற்றில் களைத்தால், முன்னே போனாலும் பின்னே வந்தாலும் தூரம் ஒன்றுதான். போய்த் திரும்பும் பாதை என்றால் நினைத்த இடத்தில் திரும்பலாம். தூரத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பாருங்கள். மொத்தம் 24 நிமிடம் என்றால் 12ஆவது நிமிடத்தில் திரும்பிவிடுங்கள்.

எந்தப் பக்கம் முதலில் போவது? காற்று முகத்தில் அடிக்கும் பக்கம். வியர்வையில் நனைந்த பிறகு எதிர்காற்றில் திரும்பி வந்தால் உடம்பு வெடவெடத்துப் போகும். ஆடி மாதக் காற்றுக் காலத்தில் இந்தச் சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் செய்யும்.

படி 2: வீதிப் பகுதியைக் கடப்பது

இங்கே வாகனங்கள் இடப்பக்கம் ஓடுகின்றன. ஆகவே நீங்கள் வலப்பக்கம், வாகனங்களைப் பார்த்தபடி செல்ல வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. வீதி வலப்புறமாக வளையும் முடக்கில் நீங்கள் உள்வளைவில் மறைந்துவிடுவீர்கள், எதிரே வரும் பஸ் சாரதிக்குக் கடைசி நொடி வரை தெரியமாட்டீர்கள். அப்படிப்பட்ட முடக்குக்கு முன்பே, இரு பக்கமும் பார்த்து, மறுபக்கம் மாறிவிடுங்கள்.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. மழைநீர் கானுக்கு வடியட்டும் என்று தார் வீதியை ஓரத்தில் சரிவாகத்தான் போடுவார்கள். வலது ஓரத்தில் ஓடும்போது வலது கால் சற்றுத் தாழ்வாக ஊன்றுகிறது. திரும்பி வரும்போதும் வாகனங்களைப் பார்த்தே வருவதால், அப்போதும் தாழ்வது அதே வலது கால்தான். சில வாரங்களில் இடுப்பிலோ முழங்கால் பக்கவாட்டிலோ வலி தொடங்கும். அதனால் வீதிப் பகுதியை நடந்து கடந்து, நடைபாதையில் மட்டும் ஓடுங்கள்.

படி 3: எட்டு வாரம்

வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 5 நிமிடம் நடை.

1, 2ஆம் வாரம்: 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 8 தடவை.
3, 4ஆம் வாரம்: 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 6 தடவை.
5, 6ஆம் வாரம்: 5 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 4 தடவை.
7ஆம் வாரம்: 8 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 3 தடவை.
8ஆம் வாரம்: நிற்காமல் 20 நிமிடம்.

ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே இன்னொரு வாரம் செய்யுங்கள். வேகத்துக்கு அளவு உங்கள் வாய்தான். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் வேகம் அதிகம்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடற்கரை ஊர்களைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் அதே கணக்கில் குறையும். கொழும்பிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்தவர்கள் முதல் இரண்டு மூன்று நாள் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகும் ஊரில் ஓடும் வேகத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேறு சிக்கல். குறுக்குப் பாதையில் ஏறி இறங்கித் தொடை பலமாக இருக்கும், மூச்சும் தாங்கும், ஆகவே முதல் நாளே 20 நிமிடம் ஓடிவிடுவார்கள். மலைப்பாதையில் ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி விழும். சமதரையிலோ ஒரே அடி ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப விழுகிறது. பத்து நாளில் கணைக்கால் முன் எலும்பு ஓரமாக வலிக்கும். அதைத் தேய்த்துவிட்டு மேலே ஓடக் கூடாது. வலி நிற்கும்வரை நடை மட்டும்தான், பிறகு முதல் வாரத்திலிருந்து தொடங்குங்கள். ஓடும்போது எட்டி வைக்காமல் குறுகிய அடியாக, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும்படி வையுங்கள்.

படி 4: குளிர், பாசி, அட்டை, நாய்

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலவே இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஜனவரி, பெப்ரவரியில் மேட்டிலுள்ள லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட வாவிக் கரையில் கூடுதலாகக் குளிர்வதும், சில காலைகளில் புல் வெள்ளையாக உறைந்து கிடப்பதும் இதனால்தான். அந்த நாட்களில் சூரியன் ஏறிய பிறகு போங்கள். மெல்லிய உடுப்பு இரண்டு, மேலே ஒரு ஜேர்சி போதும். ஓடத் தொடங்கும்போது சற்றுக் குளிர வேண்டும். குளிரவேயில்லை என்றால் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள். மூடுபனியில் கறுப்பு, கரும்பச்சை உடுப்பு வேண்டாம்.

பாசி பிடித்த கல்லிலும் மரப்பலகையிலும் ஓடாதீர்கள், நடங்கள். சவாரிக் குதிரைக்குப் பின்னால் ஒட்டி ஓடுவதும் ஆபத்து. ஏப்ரல் வசந்தகாலக் கூட்டத்தில் காலை எட்டுக்குப் பிறகு அங்கே ஓட நினைப்பது வீண்வேலை.

மழைக்காலத்தில் புல்லோரம் அட்டை இருக்கும். காலுறையின் மேல்விளிம்பில் காய்ந்த சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் ஏறாது. கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், அதன் வாய்ப்பக்கம் நகத்தைச் செருகி வழித்து எடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்திவிடுவதால் சற்று நேரம் கசியும். கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி அசையாமல் நில்லுங்கள், ஓடினால் துரத்தும். கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது, விசர்நோய்க்கு ஊசி உண்டு, வந்தபின் மருந்து இல்லை.

நுவரெலியாவுக்குத் தூரமாக இருந்தால்

காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் ஓரம் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் தோட்டத்து லொறிப் பாதையில், மலையை ஒட்டி ஒரே மட்டத்தில் போகும் ஒரு துண்டு கட்டாயம் இருக்கும். 400 மீற்றர் கிடைத்தால்கூட அதிலேயே போய் வந்து பழகலாம். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் லொறி வரும், அந்த நேரத்தைத் தவிருங்கள். அணைக்குக் கீழே ஆற்றுப் படுகையில் இறங்காதீர்கள், வான்கதவு திறந்தால் நீர் சட்டென்று ஏறும். ரயில் பாதை சமமாகத் தெரிந்தாலும் அது ஓடும் பாதை அல்ல. மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், அது முதற்கட்டமான மஞ்சள் நிறமாகவே இருந்தாலும், வெட்டுச் சரிவுக்குக் கீழே உள்ள பாதையை விட்டுவிடுங்கள்.

சப்பாத்தைக் காயவைப்பது

மலைநாட்டில் ஈரச் சப்பாத்து இரண்டு நாளானாலும் தானாகக் காயாது. அடுப்பங்கரையில் வைத்தால் பசை இளகி அடி கழன்றுவிடும். உள்தட்டை உருவி எடுத்துத் தனியே போடுங்கள். பழைய வீரகேசரிப் பத்திரிகைத் தாளைக் கசக்கி நுனிவரை திணித்து, ஒரு மணி நேரத்தில் ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் வையுங்கள். படுக்கும் முன் இன்னொரு முறை மாற்றினால், ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு போடத் தயாராக இருக்கும்.