பழுது ஹெட்போனில் இல்லை, மாட்டியதில்

ஹெட்போன், ஸ்பீக்கர் பழுதுபார்ப்பது என் தொழில். இப்போதெல்லாம் மேசைக்கு வருவதில், வெளி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் வகைதான் அதிகம். "சத்தமே குறையலைங்க, மைக் போயிருச்சு போல" என்று நீட்டுவார்கள். பார்த்தால் மைக் நன்றாகவே இருக்கும். இந்த வகை புதிதாக வந்தபோது நான் எங்கே இடறினேனோ, அதே இடத்தில்தான் இவர்களும் இடறுகிறார்கள். சார்ஜ் இல்லாதது, சுவிட்ச் போடாதது எல்லாம் இங்கே வேண்டாம். அவை தானாகவே பிடிபட்டுவிடும்.

பேச்சுச் சத்தமும் மறையும் என்று நம்புவது

வெளியிலிருந்து வரும் சத்தத்தை மைக் வாங்கும். அதற்கு நேர் எதிரான அலையை உள்ளிருக்கும் சிப் உருவாக்கி ஸ்பீக்கரில் விடும். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழ, இரண்டும் அடங்கும். தாழ்ந்த உறுமலான 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் 3.4 மீட்டர் நீளம். நிதானமாக வரும், கணக்குப் பிசகாது. கூரிய சத்தமான 4000 ஹெர்ட்ஸ் என்றால் எட்டரை சென்டிமீட்டர்தான். இம்மி நேரம் தவறினாலும் மேட்டோடு மேடு மோதிவிடும். அதனால்தான் விமான எஞ்சின், ஏசி, ரயில் போன்றவற்றின் விடாத உறுமலில் இது கெட்டி. போஸ் நிறுவனம் 1989இல் இதைக் கடைக்குக் கொண்டுவந்ததே விமானிகளுக்கான ஹெட்செட்டாகத்தான். பக்கத்து மேசைப் பேச்சு, குழந்தையின் அழுகை, ஹாரன் ஆகியவை குறையும், ஆனால் மறையாது. அந்தக் கூரிய சத்தங்களைத் தடுப்பது பெரும்பாலும் சிப் அல்ல. காதை மூடியிருக்கும் குஷனும் ரப்பர் முனையும்தான்.

காதுக்கும் குஷனுக்கும் நடுவே சந்து விடுவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். பணம் வீணாவதும் இதில்தான்.

ஓர் இளைஞர் விலை உயர்ந்த ஹெட்போன் ஒன்றோடு வந்தார். முன்பு வைத்திருந்ததை "சரியில்லை" என்று பாதி விலைக்குத் தள்ளிவிட்டு இதை வாங்கியிருக்கிறார். இதிலும் அதே குறை. தடித்த சட்டமுள்ள கண்ணாடி போட்டிருந்தார். மின்விசிறியை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொள்ளச் சொல்லி, காதை மூடும் இரண்டு கோப்பைகளையும் உள்ளங்கையால் லேசாக அழுத்தினேன். விசிறிச் சத்தம் சட்டென்று அடங்கியது. கையை எடுத்தேன், திரும்பி வந்தது. கண்ணாடிக் கால் குஷனைத் தூக்கிப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். முன்பு விற்றதிலும் ஒரு கோளாறும் இருந்திருக்காது.

அந்தச் சின்னச் சந்து ஏன் இவ்வளவு கெடுக்கிறது? அதன் வழியாக முதலில் நுழைவது தாழ்ந்த உறுமல். அதை அடக்க ஸ்பீக்கர் அனுப்பும் எதிர் அலையும் தாழ்ந்த ஒலிதான். அதே சந்து வழியாக அது வெளியே கசிந்துவிடும். எதில் கெட்டியோ அதிலேயே அடி விழுகிறது. பாட்டின் பேஸும், அதாவது அதன் தாழ்ந்த ஒலியும், கூடவே போகும். பேஸ் மெலிந்து கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தச் சந்தைத்தான்.

இயர்பட்ஸில் இன்னும் மோசம். பெட்டிக்குள் சின்ன, பெரிய ரப்பர் முனைகள் பிரிக்காத பையிலேயே கிடக்கும். மாட்டி வந்த நடுத்தர அளவோடே வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு, "இந்தக் கம்பெனியே சரியில்லை" என்பார்கள். எல்லா அளவையும் போட்டுப் பாருங்கள். வலது காதும் இடது காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் வேறு வேறு அளவு போடுவதில் தப்பே இல்லை. மாட்டியபின் வாயை நன்றாகத் திறந்து மூடிப் பாருங்கள். அப்போது உறுமல் விட்டுவிட்டு உள்ளே வந்தால் அந்த அளவு உங்களுக்கு இல்லை. கண்ணாடி போடுபவர்கள் கால் மெல்லிதான சட்டத்தோடு மாட்டிப் பார்த்து வாங்கலாம், அல்லது இயர்பட்ஸ் பக்கம் போகலாம்.

அப்புறம், குஷன் தேயும் பொருள். தோல் உரிந்து, பஞ்சு அமுங்கிப்போன குஷனோடு சிப்பைக் குறை சொல்லக் கூடாது. மாற்றும்போது அதே மாடலுக்கு உரியதையே போடுங்கள். தடிமன் மாறினால் உள்ளே இருக்கும் மைக்கின் கணக்கும் மாறிவிடும்.

இரைச்சல் குறைந்த பிறகும் பழைய வால்யூமிலேயே கேட்பது

இந்தக் கருவியின் பெரிய நன்மையை இங்கேதான் கோட்டைவிடுகிறோம். பேருந்திலும் ரயிலிலும் வால்யூமை ஏற்றுவதே வெளி இரைச்சலை மீறிக் கேட்கத்தான். இரைச்சல் போனபின் இரண்டு மூன்று படி இறக்கினாலும் பாட்டு தெளிவாகவே கேட்கும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். சத்தம் 3 டெசிபல் கூடினால் கேட்கலாம் என்கிற நேரம் பாதியாகிவிடும். காது நரம்பு ஒருமுறை கெட்டால் திரும்ப வராது. என்னால் ஹெட்போனைத்தான் சரிசெய்ய முடியும்.

காது அடைக்கிறது என்று ஒதுக்குவது

சிலருக்கு விமானம் ஏறும்போது வருவதுபோல ஓர் அழுத்தம் தெரியும். காற்றழுத்தம் எதுவும் மாறுவதில்லை. தாழ்ந்த ஒலி மட்டும் திடீரென மறைவதை மூளை அப்படி எடுத்துக்கொள்கிறது என்பதே பொதுவான விளக்கம். இரைச்சலை அடக்கும் அளவைக் குறைத்து வைத்துப் பழகுங்கள். அப்போதும் தலை வலித்தால் இந்த வகை உங்களுக்கு வேண்டாம். வற்புறுத்திப் பழக வேண்டிய பொருள் அல்ல இது.

ஈஎன்சி என்பதைப் பார்த்து வாங்குவது

அது போனில் எதிர்முனையில் இருப்பவருக்கு உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் கேட்காமல் செய்வது. உங்கள் காதுக்கு வேண்டியது ஏஎன்சி, அதாவது இதுவரை சொன்ன எதிர் அலை வித்தை.

காற்று வீசும்போது ஏஎன்சியை முழு அளவில் வைப்பது

மைக்கில் காற்று மோதி, இல்லாத இரைச்சலை உண்டாக்கும். குறையுங்கள்.

துளைபோடும் இயந்திரத்துக்கு முன் காதுக் கவசமாக மாட்டுவது

கூடாது. அதற்குத் தரச்சான்று பெற்ற காதுக் கவசம் தனியாக இருக்கிறது.

சாலையைக் கடக்கும்போது

கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.