மரின்ஸ்கி ஆர்கெஸ்ட்ராவின் வரலாற்றைக் காதால் படிக்க ஒரு வழி

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மரின்ஸ்கி அரங்க ஆர்கெஸ்ட்ராவின் வரலாறு 1783-இல், மகாராணி கேத்தரின் காலத்தில் தொடங்குகிறது. நீங்கள் அங்கிருந்து தொடங்காதீர்கள், பெயர்களிலேயே களைத்துப் போவீர்கள். அவர்களுக்காகவே எழுதப்பட்ட இசையைக் கேட்டுக்கொண்டே முன்னும் பின்னும் போங்கள்.

முதலில் ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலே. 1892 டிசம்பரில் இங்கேதான் அரங்கேறியது. சர்க்கரைத் தேவதையின் நடனத்தில் மணி போல ஒலிப்பது செலஸ்டா என்ற விசைப்பலகை வாத்தியம். பாரிசில் அதைப் பார்த்து மயங்கிய சைக்கோவ்ஸ்கி, சக இசையமைப்பாளர்களான ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் முந்திக்கொள்வார்களோ என்று பயந்து ரகசியமாக வரவழைத்தார். அதே இரவில் அவருடைய 'இயோலாந்தா' ஓபராவும் நடந்தது. ஓபராவை நாப்ராவ்னிக் நடத்தினார், பாலேயை டிரிகோ. ஒரே இரவில் பாடகரின் மூச்சுக்கும் ஆடுபவரின் காலுக்கும் வாசிக்க வேண்டிய வேலை இது. இந்த ஆர்கெஸ்ட்ராவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அந்த நாப்ராவ்னிக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். செக் நாட்டுக்காரர், 1869 முதல் 1916-இல் இறக்கும்வரை தலைமை இசை நடத்துநர். முசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கோதுனோவ்' 1874-இல் அரங்கேறியபோதும், சைக்கோவ்ஸ்கியின் 'ஸ்பேட் ராணி' 1890-இல் அரங்கேறியபோதும் நடத்தியவர் இவரே. 'போரிஸ்' ஓபராவை இரண்டு முறை கேளுங்கள்: அரங்கம் நிராகரித்த 1869 வடிவம், பிறகு முசோர்க்ஸ்கி திருத்திய 1872 வடிவம். நடத்துநர் கெர்கியேவ் தலைமையில் இதே குழு இரண்டையும் ஒரே தொகுப்பாகப் பதிவு செய்திருக்கிறது.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1935 முதல் 1992 வரை அரங்கத்தின் பெயர் கிரோவ், கொலையுண்ட உள்ளூர் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கிரோவின் நினைவாக. அதனால் பழைய பதிவுகளை 'கிரோவ் ஆர்கெஸ்ட்ரா' என்று தேடினால்தான் கிடைக்கும். பெயர் மாறிய பிறகும் வெளிநாட்டு வெளியீடுகளில் 'கிரோவ்' சில காலம் தொடர்ந்தது, குழம்ப வேண்டாம்.

சரி, இனி சோவியத் காலம். புரோகோஃபியேவின் 'ரோமியோ ஜூலியட்' 1940 ஜனவரியில் இங்கே மேடையேறியது, உலானோவா ஜூலியட்டாக ஆடினார். ஒத்திகையில் பெரிய சண்டை. தாளம் பிடிபடவில்லை, மேடையில் நிற்கும் எங்களுக்கு இசையே கேட்கவில்லை என்று ஆடுபவர்கள் புகார் செய்ய, வாசிப்பவர்களும் முரண்டு பிடிக்க, புரோகோஃபியேவ் மனமில்லாமல் சில இடங்களில் வாத்தியங்களைக் கூட்டினார். இதைத் தெரிந்துகொண்டு படுக்கையறைக் காட்சியைக் கேளுங்கள், அந்த மெல்லிய ஒலி வேறு மாதிரி படும்.

அடுத்து 1941. ஜெர்மன் படை நெருங்கியதும் அரங்கமே யூரல் பகுதியில் இருக்கும் பெர்ம் நகருக்கு இடம்பெயர்ந்தது. கச்சதுரியானின் 'கயானே' 1942 டிசம்பரில் அங்கேதான் பிறந்தது. அதில் புகழ்பெற்ற வாள் நடனத்தோடு நிறுத்தாமல் முழுவதும் கேளுங்கள். போரின் நடுவே, ஊரைவிட்டு வந்தவர்கள் வாசித்த இசை அது.

கடைசியாக, 1988-இல் பொறுப்பேற்ற கெர்கியேவின் காலம். 2009-இல் அரங்கம் சொந்தப் பதிவு நிறுவனம் தொடங்கி, முதல் வெளியீடாக ஷோஸ்தகோவிச்சின் 'மூக்கு' ஓபராவைத் தந்தது. பித்தளை வாத்தியங்களின் முரட்டு வலிமைக்காக அதைக் கேட்டுவிட்டு, 1862-இல் வெர்டி இந்த ஊர் ஏகாதிபத்திய ஓபராவுக்காக எழுதிய 'விதியின் வலிமை'க்குப் போங்கள். இவர்கள் பதிவு செய்திருப்பது வெர்டி பின்னாளில் திருத்தியதை அல்ல, இங்கே அரங்கேறிய அந்த முதல் வடிவத்தையே.