ஊர்ப் பெட்டியை ஸ்கேன் செய்யமுதல், படத்தில் இருப்பவர்களின் பேரைக் கேளுங்கள்

போன வருடம் கொழும்பில் வெள்ளவத்தைக்குள்ளேயே வீடு மாறினோம். அப்போதுதான் அம்மம்மாவின் றங்குப் பெட்டியை முழுதாகத் திறந்து பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான வல்வெட்டித்துறையிலிருந்து பல இடப்பெயர்வுகளைத் தாண்டி வந்த பெட்டி அது. ஒரு ஆல்பம், இருபத்துச் சொச்சம் கல்வெட்டுகள், ஊர்க் கோயில் இந்திரவிழா நோட்டீஸ்கள், ஒரு யாழ்தேவி ரயில் அட்டை டிக்கெட், அம்மப்பா தோணிக் கணக்கு எழுதிய கொப்பி. (கல்வெட்டு என்று எங்கள் பக்கத்தில் சொல்வது ஒருவர் இறந்த 31ஆம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரை.)

எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது பலருக்கும் தெரியும், எழுதியும் இருக்கிறார்கள். அம்மப்பாவின் கொப்பியில் வரும் சின்னத் தோணிகளையும் அதில் போனவர்களையும் பற்றி வேறு எங்கும் ஒரு வரி கிடையாது. அதனால்தான் இதையெல்லாம் கணினியில் ஏற்றத் தொடங்கினேன். ஸ்கேனரை எப்படி இணைப்பது என்பதையெல்லாம் விட்டுவிட்டு, நான் தடுக்கிய இடங்களைச் சொல்கிறேன்.

1. எதையும் கழற்றமுதல் போனில் படமெடுங்கள்

ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை, இருக்கிற ஒழுங்கிலேயே எடுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். ஒரே சாமத்தியவீட்டுப் படங்கள் ஆறு அடுத்தடுத்து இருந்தன, கலைத்த பிறகு அவற்றைச் சேர்த்துப் பார்க்க எனக்கு இரண்டு நாள் போனது.

2. ஒட்டும் ஆல்பத்திலிருந்து எடுப்பது

மேலே பிளாஸ்டிக் தாளும் கீழே பசைக் கோடுகளும் உள்ள ஆல்பம் என்றால் நகத்தால் கிளப்பவே வேண்டாம். நான் கிளப்பி, ஒரு படத்தின் மூலை தாளோடு பிரிந்து வந்துவிட்டது. பாமசியில் பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூல் வாங்குங்கள், மெழுகு பூசாததாகக் கேளுங்கள். ஒரு முழம் எடுத்து இரண்டு கையிலும் சுற்றி, படத்தின் ஒரு மூலைக்கடியில் நுழைத்து, வாள் அறுப்பதுபோல மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். எங்காவது இறுகினால் நிறுத்தி எதிர் மூலையிலிருந்து வாருங்கள். அப்படியும் வரவில்லையா, பக்கத்தோடேயே ஸ்கேன் செய்யுங்கள்.

3. ஸ்கேன்

கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே, 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக. மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படம் ஒன்று கிட்டத்தட்ட 19 எம்பி வரும், பரவாயில்லை. அச்செழுத்துக்கு 300 போதும். யூஎஸ்பி வயரிலேயே ஓடும் மெல்லிய ஸ்கேனர்களை நான் விரும்புவதில்லை: கண்ணாடியில் படிந்து கிடப்பதை மட்டும் கூராக எடுக்கும், வளைந்த படத்தின் நடுப்பகுதி மங்கிவிடும். சிசிடி என்ற உணரி உள்ள, தடித்த ஸ்கேனர் வகை கொஞ்சம் பாரம்தான், ஆனால் இந்த வேலைக்கு அதுதான் சரி. படத்தின் பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும்.

4. பேர்

இதைத்தான் நான் கடைசிக்கு விட்டேன், முதலில் செய்திருக்க வேண்டும். 140 படங்களை ஸ்கேன் செய்து முடித்துவிட்டு அம்மம்மாவிடம் போனால், கணினித் திரையில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை, பத்து நிமிடத்தில் களைத்துவிட்டார். பிறகு ஒவ்வொரு குழுப்படத்தையும் ஏ4 தாளில் பெரிதாக அச்செடுத்து, ஒவ்வொரு தலையிலும் பென்சிலால் இலக்கம் போட்டு மடியில் வைத்தேன். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டேன். அப்புறம் நான் வாய் திறக்கத் தேவையே இருக்கவில்லை.

அவர் பதிவுப் பேர் சொல்ல மாட்டார். "இது கிணத்தடி வீட்டு மூத்தவர், அவற்ர தங்கச்சியைத்தான் தொண்டைமானாற்றில செய்து குடுத்தது" என்பார். அதை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பதிவுப் பேரைக் கல்வெட்டில் பிடிக்கலாம். தேவாரங்களுக்குப் பின்னால் வம்சாவளி இருக்கும், யார் யாரை எந்த ஊரில் கட்டினார்கள் என்று இருக்கும். கல்வெட்டில் பேர்கள் நிறைய, முகம் ஒன்றுதான். படத்தில் முகங்கள் நிறைய, பேரே இல்லை. அம்மம்மா சொன்ன அந்த ஒரு வசனத்தால் ஒன்பது பேர் நிற்கும் ஒரு படத்தில் ஏழு பேருக்குப் பேர் கிடைத்தது. மற்ற இரண்டு பேரையும் இன்னும் தேடுகிறேன்.

வீட்டில் எண்பது தாண்டியவர் இருந்தால், இன்றைக்கே இந்தப் படிக்கு வாருங்கள், ஸ்கேனர் அடுத்த மாதம் வாங்கலாம்.

5. கல்வெட்டில் அடித்த ஸ்டேப்ளர் பின்கள்

துருப்பிடித்த பின்னை இழுக்காதீர்கள், தாள் கிழியும். நடுப்பக்கத்தை விரித்து, மடிந்திருக்கும் இரண்டு கால்களையும் மெல்லிய கத்தி நுனியால் நிமிர்த்திவிட்டு வெளிப்பக்கமாக எடுங்கள். பிறகு அதே துளைகளில் பருத்தி நூலால் தைத்துவிடலாம்.

6. வைப்பது

இறப்பர் பட்டி, கிளிப், நப்தலீன் உருண்டை எதுவும் வேண்டாம். காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு இறுக்கி மூடும் பெட்டியில் வைக்கிறேன், ஜெல் நிறம் மாறியதும் மாற்றுகிறேன். கடற்கரைப் பக்கம் ஈரம் விடாது, ஈரம் இருந்தால் தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சியும் வரும்.

கோப்புகளின் பிரதி மூன்று இடத்தில்: வீட்டில், கனடாவில் மாமாவிடம், இணையத்தில். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000க்கு மேற்பட்ட நூல்கள் எரிந்தன, வேறு பிரதியே இல்லாதவையும் அதில் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் நினைவு மலர்களும் சேர்க்கிறார்கள், அங்கேயும் கொடுக்கலாம். உயிரோடு இருப்பவர்களின் முகவரியோ பிறந்த திகதியோ இருந்தால் வீட்டாரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பிற்சேர்க்கை: இதை வாசித்த ஒரு அக்கா, சட்டம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது, என்ன செய்வது என்று கேட்டார். இழுக்க வேண்டாம் அக்கா, தண்ணீரிலும் போட வேண்டாம். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். மெல்லிய ஸ்கேனரில் மங்கலாக வரும், சிசிடி வகையில் தெளிவாக வரும்.