நிலநடுக்கம் வரும் ஊரில் வீடு பார்க்கிறீர்களா?

ஜப்பான், நியூசிலாந்து, கலிபோர்னியா பக்கம் புதிதாக வந்திருப்பவர்கள் வாடகை, ரயில் நிலையத் தூரத்தோடு இன்னொன்றையும் விசாரியுங்கள்: தரை குலுங்கினால் இந்தக் கட்டடம் எவ்வளவு தாங்கும்? பொறியாளர்கள் இதை வாய்ப்புக் கணக்காகத்தான் சொல்வார்கள். இன்ன அதிர்வு வந்தால் இந்த வகைக் கட்டடத்தில் விரிசல் விழ இவ்வளவு வாய்ப்பு, இடிந்துபோக இவ்வளவு வாய்ப்பு என்று. அந்தக் கணக்கை நாம் போட வேண்டியதில்லை. எதைப் பொறுத்து அது ஏறி இறங்குகிறது என்று தெரிந்தால் போதும்.

ரிக்டர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு அருகே 2010 செப்டம்பரில் 7.1 அளவில் வந்தபோது கட்டடம் இடிந்து யாரும் சாகவில்லை. 2011 பிப்ரவரியில் வந்தது அதைவிடச் சிறியது. ஆனால் ஊரை ஒட்டி, அதிக ஆழமில்லாமல் வந்ததால் 185 உயிர்கள் போயின.

அடுத்து மண். 1985-இல் மெக்சிகோ நகரத்தை உலுக்கிய நிலநடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. பழைய ஏரிப்படுகையின் களிமண் அந்த அதிர்வைப் பெருக்கிவிட்டது. நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன. மண் ஆடிய வேகமும் அவை ஆடும் வேகமும் ஒத்துப்போனதே காரணம். அதனால் மண் கொட்டி நிரப்பிய இடமா, ஆற்றோரமா என்று கேளுங்கள்.

ஜப்பானில் என்றால் முதல் கேள்வி ஆண்டுதான். 1981 ஜூன் 1 முதல் நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான புதிய கட்டட விதி. கட்டி முடித்த தேதியை வைத்து ஏமாறாதீர்கள், அனுமதி வாங்கிய தேதிதான் கணக்கு. 1982-இல் முடிந்த கட்டடம்கூடப் பழைய விதிப்படி கட்டியதாக இருக்கலாம். மரவீடு என்றால் 2000-க்குப் பிந்தையதாகப் பாருங்கள், அந்த ஆண்டு விதி இன்னும் இறுகியது.

கலிபோர்னியாவில் கீழே கார் நிறுத்துமிடம், மேலே வீடுகள் என்று நிற்கும் பழைய அடுக்ககங்களை உற்றுப் பாருங்கள். கீழ்த்தளத்தில் சுவர் இல்லாமல் ஒல்லித் தூண்கள் மட்டுமே இருந்தால், மேலே உள்ள எடையெல்லாம் அந்தத் தூண்களின் தலையில்தான். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் இப்படி ஒரே குடியிருப்பில் 16 பேர் இறந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் 2015-இல் இவற்றைப் பலப்படுத்தச் சட்டமே போட்டது. வேலை முடிந்ததா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அப்புறம், விதிப்படி கட்டிய வீடு என்றால் சேதமே ஆகாது என்று அர்த்தமில்லை. உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வெளியே வர வேண்டும் என்பதுதான் விதியின் முதல் நோக்கம். அதன்பின் அங்கே குடியிருக்க முடியாமலும் போகலாம். ஜப்பானிலும் கலிபோர்னியாவிலும் சாதாரண வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் இந்தச் சேதத்துக்குப் பணம் தராது. ஜப்பானில் தீக் காப்பீட்டோடு நிலநடுக்கக் காப்பீட்டையும் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே அதையும் கேட்டு முடித்துவிடுங்கள்.