20 லிட்டரில் மாடி ஜன்னல் கழுவுவது எப்படி

முதுகில் பேட்டரி ஸ்ப்ரேயரை மாட்டிக்கொண்டு ஒரு வாசலில் போய் நின்றால், "கொசு மருந்தா?" என்றுதான் கேட்பார்கள். ஜன்னல் கழுவ வந்திருக்கிறேன் என்றால் நம்புவதில்லை. கையில் சோப்பு இல்லை, துணி இல்லை, ஏணியும் இல்லை. ஒரு நீளக் கம்பமும் அதன் நுனியில் ஒரு பிரஷும்தான். வேலை முடிந்து, கண்ணாடியை ஈரத்தோடு விட்டுவிட்டுக் கிளம்பும்போது அடுத்த கேள்வி வரும்: "துடைக்க மாட்டீங்களா?" துடைக்க வேண்டாம், காய்ந்த பிறகு பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

துடைக்காமல் விட முடிவதற்குக் காரணம் தண்ணீர். கண்ணாடியில் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழுகிறதே, அது தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம், மக்னீசியம் மாதிரியான உப்புகள். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு எங்கே போகும்? அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அந்த உப்பை முதலிலேயே எடுத்துவிட்டால் காய்ந்த பிறகு மிச்சம் எதுவும் இருக்காது. ஆர்.ஓ. சவ்வு உப்பில் பெரும்பகுதியை எடுக்கும். அதற்கு அடுத்து ரெசின், அதாவது உப்பைப் பிடித்துக்கொள்கிற சின்னச் சின்ன மணிகள், நிரப்பிய குடுவை வழியாக விட்டால் மீதியும் போய்விடும்.

குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரே போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. வீட்டு மெஷினில் வருவது பெரும்பாலும் 30, 50 பிபிஎம் (ஒரு லிட்டரில் அத்தனை மில்லிகிராம் உப்பு) என்று நிற்கும். ருசிக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கிற மெஷின்களும் உண்டு. நமக்கு வேண்டியது 0. சட்டைப்பையில் இந்த உப்பளவைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், டேங்கை நிரப்பும் ஒவ்வொரு முறையும் முக்கிப் பாருங்கள். 5 காட்டினால் ரெசினை மாற்றும் நாள் நெருங்கிவிட்டது. 10 தாண்டினால் அந்தத் தண்ணீரில் வண்டி கழுவலாம், கண்ணாடி பக்கம் கொண்டுபோகாதீர்கள். ரெசின் தீர்ந்துபோனால் சில சமயம் தண்ணீரில் மீன் வாடை அடிக்கும், அதுவும் ஓர் எச்சரிக்கைதான்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நாள் கடைசி நாலைந்து ஜன்னல் பாக்கி இருந்தபோது தண்ணீர் தீரப்போகிற மாதிரி இருந்தது. 15 லிட்டர் சுத்தத் தண்ணீர் இருக்கிறதே, 5 லிட்டர் குழாய்த் தண்ணீர் சேர்த்தால் என்ன ஆகிவிடும் என்று ஊற்றிவிட்டேன். குழாய்த் தண்ணீர் 400 பிபிஎம். நாலில் ஒரு பங்கு அது, ஆகவே டேங்கில் இருந்தது 100. மறுநாள் காலை போன் வந்தது. கண்ணாடி முழுக்க அம்மை போட்ட மாதிரி புள்ளி. ஐந்து ஜன்னலையும் காசு வாங்காமல் மறுபடி கழுவிக் கொடுத்தேன். கலக்கிற வேலையே வேண்டாம்.

சரி, ஸ்ப்ரேயருக்கு வருவோம். வயலில் மருந்தடிக்கிற அதே ஸ்ப்ரேயரே இதற்குப் போதும், ஆனால் புதிதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே மருந்து ஊற்றிய டேங்கை எத்தனை தடவை அலசினாலும் நான் தொட மாட்டேன். மருந்து பிளாஸ்டிக்கிலும் டியூபிலும் ஊறிப்போயிருக்கும். கண்ணாடியில் கறை படிவதோடு போகாது. களைக்கொல்லி மிச்சம் சொட்டினால் ஜன்னலுக்குக் கீழே ஆசையாக வளர்த்த செடி கருகும். குழந்தை கை வைக்கிற கண்ணாடி வேறு.

நெம்புகோலைக் கையால் அடிக்கிற வகையும் வேண்டாம். ஒரு கை நெம்புகோலில் போய்விட்டால் ஒற்றைக் கையால் கம்பத்தைப் பிடித்துத் தேய்க்க முடியாது. பேட்டரி வகைதான் சரி, அதிலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு உள்ளதாகப் பாருங்கள்.

அதோடு வரும் நாசிலைக் கழற்றி எறியுங்கள். அது புகை மாதிரி தூவும். நமக்குத் தூவல் உதவாது, சொட்டாமல் ஓடுகிற மெல்லிய தாரை வேண்டும். கைப்பிடியிலிருந்து ஒரு 10 மீட்டர் மெல்லிய டியூப், அது கம்பத்துக்குள் ஏறி பிரஷில் இருக்கிற இரண்டு அல்லது நாலு துளைகளில் போய் முடிய வேண்டும். இணைப்புகளைப் பிளாஸ்டிக்கில் போடுங்கள். உப்பு எடுத்த தண்ணீர் பித்தளையையும் இரும்பையும் மெல்ல அரிக்கும். அழுத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1 பார் அழுத்தம் இருந்தால் தண்ணீர் 10 மீட்டர் ஏறும். முதல் மாடிக்கு இந்த மோட்டார் தாராளம்.

அளவு பார்க்க ஒரு வழி: பிரஷை வாளிக்குள் வைத்து ஒரு நிமிஷம் ஓட விடுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் விழுந்தால் சரி. அதற்கு மேல் என்றால் திருகைக் குறையுங்கள். மோட்டார் டக் டக் என்று நின்று நின்று ஓடினால் துளை அதற்குச் சின்னது. துளையைப் பெரிதாக்குங்கள், இல்லை வேகத்தைக் குறையுங்கள்.

இதை முதுகு ஸ்ப்ரேயர் என்கிறோமே தவிர, வேலை செய்யும்போது நான் முதுகில் வைப்பது குறைவு. 20 லிட்டர் என்றால் தண்ணீரே 20 கிலோ, அப்புறம் டேங்க், பேட்டரி. அந்தப் பாரத்தோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு தேய்த்தால் சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாது. தரையில் வைத்து, டியூபின் நீளத்துக்கு நாலைந்து ஜன்னலை முடித்துவிட்டு, அப்புறம் நகர்த்துவேன். படி ஏறும்போதும் வண்டி போகாத சந்திலும்தான் மாட்டுவது. மாட்டும்போதும் தரையிலிருந்து இழுத்துத் தூக்காதீர்கள். திண்ணை உயரத்தில் எதன் மேலாவது வைத்து, முதுகைக் கொடுத்து எழுந்திருங்கள்.

இனி ஒரு ஜன்னல். தண்ணீரைத் திறப்பதற்கு முன் கீழே துணி காய்கிறதா, உள்ளே கண்ணாடிக் கதவு இறுக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கொசுவலை கழற்ற வருமானால் கழற்றிவிடுங்கள். வலையில் இருக்கிற தூசி கழுவி முடித்த பிறகு கறுப்பாகச் சொட்டும். முதலில் மேல் சட்டம். பிரஷை அதில் அழுத்தி இரண்டு முறை இழுங்கள், அழுக்கு முழுதும் இறங்கட்டும். புதியவர்கள் கண்ணாடியிலிருந்து தொடங்குவார்கள், கண்ணாடி பளிச்சென்று ஆகும், ஐந்து நிமிஷம் கழித்து மேல் சட்டத்திலிருந்து ஒரு கோடு மெதுவாக வழிந்து வரும். எல்லாம் வீண்.

சட்டம் முடிந்ததும் நாலு ஓரம், பிறகுதான் நடுக்கண்ணாடி. மேலும் கீழுமாக, ஒரு இழுப்பின் பாதி மேல் அடுத்த இழுப்பு விழுகிற மாதிரி தேய்க்க வேண்டும். அழுக்கை எடுப்பது பிரஷின் முடி. தண்ணீர் அதைச் சுமந்துகொண்டு இறங்குகிறது, அவ்வளவுதான். அதனால் தேய்க்கும்போது குறைவாக ஓட விட்டு, அலசும்போது தாராளமாக விடுங்கள். என் கணக்கில் பாதித் தண்ணீர் அலசலுக்கு. அலசும்போது கண்ணாடியைக் கூர்ந்து கவனியுங்கள். தண்ணீர் திரை மாதிரி விரிந்து இறங்கினால் பிரஷை ஒரு விரல் அளவு தள்ளிப் பிடித்து, மேல் விளிம்பில் தண்ணீரை விட்டாலே போதும். முத்து முத்தாக உருண்டால் அந்தக் கண்ணாடி தண்ணீரை ஒட்டவிடாத ரகம். பிரஷைக் கண்ணாடியிலேயே வைத்து மெதுவாகக் கீழே கொண்டுவாருங்கள். கடைசியாகக் கீழ்ச் சட்டம். நடுத்தர ஜன்னல் ஒன்றுக்கு ஒன்றரை லிட்டர், ஒரு டேங்குக்குப் பன்னிரண்டு பதிமூன்று ஜன்னல் வரும். அடுத்ததற்கு நகரும்போது கைப்பிடியை மூட மறந்தால் இந்தக் கணக்கு போச்சு.

வருஷக்கணக்காகக் கழுவாத ஜன்னலுக்கு இது பொருந்தாது. இரண்டு மடங்கு தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், ஒருமுறை முழுக்கக் கழுவிக் காயவிட்டு மறுபடி கழுவுங்கள். பறவை எச்சத்தை நனைத்து ஊறவிட்டு அப்புறம் தேய்க்க வேண்டும். சமையலறை எண்ணெய்ப் பிசுக்குக்கு வெறும் தண்ணீர் ஆகாது, கையால் சோப்பு போட்டுத்தான் ஆக வேண்டும். பழைய உப்புக்கறை படிந்திருந்தால் அதை இந்தத் தண்ணீர் எடுக்காது என்று வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முடித்த பிறகு சொன்னால் சாக்குப்போக்கு என்றுதான் நினைப்பார்கள்.

வெயில் சுடுகிற பக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூடான கண்ணாடியில் அலசுவதற்குள் அழுக்கோடு காய்ந்துவிடும். கம்பத்தை நீட்டுவதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். கார்பன் கம்பம் மின்சாரத்தைக் கடத்தும். சுத்தத் தண்ணீர் கடத்தாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், கம்பத்தில் அழுக்கு பட்டதும் அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை. மின்கம்பி எட்டும் தூரத்தில் இருக்கிற ஜன்னலை நான் எடுப்பதே இல்லை.

வேலை முடிந்ததும் டேங்கையும் டியூபையும் காலி செய்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் உள்ளே பாசி பிடிக்கும், அது பிரஷ் துளையைத்தான் முதலில் அடைக்கும். மெல்லிய ஊசி ஒன்று பையில் இருக்கட்டும். பேட்டரியை அன்று இரவே சார்ஜில் போடுங்கள், லெட் ஆசிட் வகையைக் காலியாக நாள்கணக்கில் விட்டால் செத்துவிடும். அப்புறம், டேங்க் நிறைய இருந்தும் மோட்டார் திணறி, தண்ணீர் நூலாக வந்தால் உடனே மோட்டாரைப் பிரிக்க உட்காராதீர்கள். மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அந்த ஊசி அதற்கும் ஆகும்.