வாடகை வீட்டுத் தொகுதிக்கு விலை கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் வவுனியா குருமன்காட்டுத் தம்பி ஒருவர் ஒரு கணக்குத் தாளோடு வந்தார். நான்கு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுத் தொகுதி ஒன்றுக்கு விலை பேசப் போகிறாராம். பார்த்ததும் மனம் கனத்தது. போர் முடிந்த கையோடு நான் எழுதிய தாளும் வரிக்கு வரி இதுதான்.

விற்பவர் சொன்ன வாடகையை நம்புவது

நான்கு வீடு, மாதம் 15,000 ரூபா வீதம், வருடத்துக்கு 720,000. போடும் பணத்துக்கு வருடம் எட்டு சதவீத வருமானம் போதும், ஆகவே 90 இலட்சம் கொடுக்கலாம் என்பது தம்பியின் கணக்கு. ஒருவரும் வீட்டைக் காலி செய்யாத, தண்ணீர் மோட்டார் எரியாத, மலசலகூடக் குழி நிரம்பாத வருடம் ஒன்றுக்குத்தான் அது பொருந்தும். வவுனியாவில் அப்படி ஒரு வருடத்தை நான் கண்டதில்லை.

நான் வாங்கிய காலத்தில் தொண்டு நிறுவனங்கள் கேட்ட வாடகையைக் கொடுத்தன. விற்றவர் காட்டியது அந்த வாடகையைத்தான். திட்டங்கள் முடிய அவர்கள் போய்விட்டார்கள். ஒரு வீடு ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. பிறகு வந்த ஆசிரியையால் பாதி வாடகைதான் கொடுக்க முடிந்தது. இன்னொரு வீட்டில் இருந்தவர் விற்றவரின் மைத்துனர். அவர் ஒரு சதமும் கொடுத்ததில்லை என்பது காணி உறுதி எழுதிய பிறகே தெரிந்தது. இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது. ஒரு மாலை கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்!

குடியிருப்பவர்களிடமே கேளுங்கள்: எவ்வளவு கொடுக்கிறீர்கள், எப்போது வந்தீர்கள், முற்பணம் யாரிடம் இருக்கிறது? விற்பவர் முற்பணத்தோடு போய்விட்டால், வெளியேறும் நாளில் அவர்கள் உங்களிடம்தான் வந்து நிற்பார்கள். அதை விலையில் கழியுங்கள். பம்பைமடுப் பல்கலைக்கழக மாணவர்கள் இருந்தால் விடுமுறை மாதங்களையும் எண்ணுங்கள்.

தம்பியின் தாளில் வீடு காலியாகக் கிடக்கும் காலத்துக்கு 72,000, திருத்தவேலை, சோலைவரி, மோட்டார், குழி எல்லாவற்றுக்கும் 130,000 என்று கழித்தோம். மிஞ்சியது 518,000. அதே எட்டு சதவீதத்துக்கு ஏறத்தாழ 65 இலட்சம்தான் வருகிறது. 25 இலட்சத்தைக் காற்றுக்குக் கொடுக்க இருந்தார்.

பெர்மிற் காணி

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, உறுதிக் காணி அல்ல. விலையே பேசாதீர்கள்.

மாரியில் கிணற்றைப் பார்ப்பது

கிணறு வற்றும் ஆவணியில் போய்ப் பாருங்கள். நான்கு குடும்பத்துக்கு ஒரு கிணறு.

முத்திரை வரியை மறப்பது

முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4. அதாவது 65 இலட்சத்துக்கு 259,000 ரூபா, வாங்குபவர் கட்டுவது. நொத்தாரிசுக் கட்டணம் வேறு. இவற்றைக் கழித்த பிறகே வாயைத் திறந்து ஒரு தொகையைச் சொல்லுங்கள்.

வேறொருவர் கேட்டுவிட்டார் என்ற தரகர் பேச்சு

கேட்கட்டும்.

மறுநாள் மாலை தம்பி நான்கு கதவையும் தட்டினார். மூன்றாவது வீட்டில் சித்திரையிலிருந்து ஆள் இல்லை. விற்பவரின் கணக்கில் அதற்கும் 15,000 எழுதியிருந்தது. தம்பி 58 இலட்சம் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.