இடுக்கில் நுழையும் செல்லைப் படம் பிடிப்பது எப்படி?

குறுகிய இடுக்கை எத்தனை செல்கள் கடந்தன என்று எண்ணுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஒவ்வொரு செல்லும் எங்கே தயங்கியது என்பதுதான் கேள்வி. பாய்டன் 1962இல் அறிமுகப்படுத்திய துளைச்சவ்வு முறை எண்ணிக்கையைக் கொடுக்கும். செல்லுக்கு வடிவமும் அசைவும் தரும் புரத இழைகளின் தொகுதியான உட்சட்டகத்தின் எந்தப் பகுதி தள்ளியது, எது முட்டுக்கட்டை போட்டது என்று சொல்லாது. அதற்கு நேரான நுண்கால்வாய்களும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை படமெடுக்கும் நுண்ணோக்கியும் வேண்டும்.

கால்வாயின் அளவை உட்கருவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் எந்தச் சந்திலும் நெளிந்து புகுந்துவிடும். உட்கரு எளிதில் மசியாது, அதற்கு விறைப்புத் தரும் லாமின் ஏ என்ற புரதம் மிகுந்த செல்களில் இன்னும் பிடிவாதம். நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் நழுவிப் போவதற்கு அவற்றில் லாமின் ஏ குறைவாக இருப்பதும் ஒரு காரணம். உட்கருவைத் தொடாத அகலக் கால்வாயையும் 3 முதல் 5 மைக்ரோமீட்டர் கால்வாயையும் ஒரே சில்லில் (சிப்) அமையுங்கள். ஆழத்தையும் கவனியுங்கள்: ஆழம் தாராளமாக இருந்தால் செல் ஒருக்களித்துத் தப்பிவிடும்.

சிலிக்கோன் ரப்பரைப் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து, குமிழி நீக்கி, அச்சில் ஊற்றிச் சுட்டெடுத்து, பிளாஸ்மா (அயனியாக்கிய வாயு) கொண்டு கண்ணாடியில் ஒட்டுவது வழக்கமான வேலை. ஒட்டிய கையோடு செல்கள் பற்றிக்கொள்ள உதவும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தின் கரைசலைச் செலுத்திவிடுங்கள். தாமதித்தால் பரப்பு மீண்டும் நீரை வெறுக்கத் தொடங்கும், காற்றுக்குமிழி குடியேறிவிடும்.

இனி, பார்க்க வேண்டியது கால்வாயின் வாய். உட்சட்டகத்தின் ஆக்டின் இழைகள் முன்விளிம்பைத் தள்ள, மெல்லிய நீட்சி முதலில் உள்ளே போகிறது. பிறகு உட்கரு வந்து முட்டி நிற்கிறது. முன்பகுதி இழுக்க, பின்பகுதியில் ஆக்டினை இழுக்கும் மயோசின் என்ற புரதம் சுருங்கி அழுத்த, உருண்டையாக இருந்தது நீண்டு ஒடுங்கி உள்ளே இறங்குகிறது. சில சமயம் உட்கரு உறை கிழிந்து, உட்கருவை அடையாளம் காட்ட உள்ளே வைத்த ஒளிரும் புரதம் சைட்டோபிளாசத்தில் கசிவதும் தெரியும். செல்லே அதைத் தைத்துக்கொள்ளும். நீட்சி நுழைந்த நேரம், உட்கரு முட்டிய நேரம், அது முழுதாக உள்ளே சென்ற நேரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறியுங்கள்.

எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று அறிய, உட்சட்டகப் பகுதிகளை முடக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். கரைப்பான் மட்டும் சேர்த்த செல்கள் பக்கத்தில் இருக்கட்டும். மயோசினைத் தடுக்கும் பிளெபிஸ்டாட்டின் நீல ஒளியில் சிதைந்து செல்லுக்கு நஞ்சாகிறது. பச்சையாய் ஒளிரும் புரதத்தைப் பார்க்க நீல ஒளிதான் பாய்ச்சுவோம் என்பதை மறக்காதீர்கள். நொக்கோடசோல் இன்னும் வம்பு. அது உட்சட்டகத்தின் மற்றொரு பகுதியான நுண்குழல்களைக் கலைக்கும்போது அவற்றோடு ஒட்டியிருந்த ஜிஇஎஃப்-எச்1 என்ற புரதம் விடுபட்டு, செல்லின் சுருங்குவிசையைக் கூட்டிவிடும். வேகம் மாறியதற்குக் காரணம் நுண்குழல் இழப்பா, மயோசின் மிகையா? மயோசினையும் சேர்த்துத் தடுத்த மற்றொரு தொகுதி இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

லாட்ரன்குலின் கொடுத்து ஆக்டினைக் குலைத்த பிறகும் குறுகிய கால்வாயில் சில செல்கள் நகரக்கூடும். மருந்து பழையது என்று உடனே தூக்கி எறிய வேண்டாம். முன்பக்கம் நீரை உள்ளிழுத்துப் பின்பக்கம் வெளியேற்றி நகரும் வழியும் செல்லுக்கு உண்டு. ஒரு தட்டை நிலைப்படுத்தி, ஆக்டின் இழைகளில் ஒட்டும் ஃபல்லாய்டின் சாயமிட்டு, இழைகள் உண்மையிலேயே கலைந்தனவா என்று பாருங்கள். மற்றொரு தட்டில் மருந்தைக் கழுவிவிட்டு, வாயில் நின்றிருந்த அதே செல் மீண்டும் புறப்படுகிறதா என்று படமெடுங்கள்.